இருத்தி வைக்கப்பட்ட பவளம் அக்கா

பவளம் அக்கா விழுந்ததால் சாகவில்லை. இருத்தி வைக்கப்பட்டதால் செத்தார். நடக்கக்கூடிய, நடக்க ஆசைப்பட்ட, நடந்தாலே சுகப்படக்கூடிய ஒரு மனிசியை, அன்பு என்று சொல்லிக்கொண்டு ஒரு கதிரையில் இருத்தி, அவருடைய கால்களை அவரிடமிருந்து பறித்தார்கள். மரணச் சடங்கில் இதைச் சொல்ல எனக்கு இடம் தரவில்லை. ஆகவே எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் வாசியுங்கள். அறியாதவர்கள், வீட்டில் வயதான தாய் இருந்தால், கட்டாயம் வாசியுங்கள்.

செய்தி வந்தபோது நான் தையல் தொழிற்சாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு காலில் பனிச் சப்பாத்து, மற்றக் காலில் காலுறை. எங்கள் சனிக்கிழமைப் பட்மின்டன் குழுவை நடத்தும் குணம்தான் தொலைபேசியில்.

"ராசமக்கா, அக்கா போட்டா."

எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் குழுவில் பெயர் சொல்லாமல் அக்கா என்றால் ஓர் ஆள்தான்.

"எப்பிடி?" என்றேன்.

"இடுப்பெலும்பு உடைஞ்சு ஆஸ்பத்திரியிலை கிடந்தவ எல்லே. நெஞ்சிலை சளி கட்டிப்போச்சாம். எழும்பி இருமக்கூடப் பலமில்லையாம்."

எழும்பி இருமப் பலமில்லை. யாரைப் பற்றி இப்படிச் சொல்கிறார்கள் என்பதை நினைத்து, அந்த ஒற்றைச் சப்பாத்தோடேயே வெகுநேரம் நின்றேன்.

மரணச் சடங்கில் ஓர் உறவினர் பேசினார். நல்ல குரல், நல்ல தமிழ். "சிறீதரன் தாயை ராணி மாதிரி வைச்சிருந்தவர். ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக்கூட எழும்பி எடுக்க விடேல்லை" என்றார். மண்டபம் முழுவதும் தலையசைத்தது. மகன் சிறீதரன் கண்ணைத் துடைத்தார். நான் முன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். ஒரு குற்றத்தை மேடையில் நின்று பாராட்டாக வாசிப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் அவருடைய படம் இருந்தது. பெரிதாக்கிச் சட்டம் போட்டது. அக்கா சிரித்துக்கொண்டிருக்கிறார். வலது கை மேலே உயர்ந்திருக்கிறது, மணிக்கட்டோடு படம் முடிகிறது. எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான ஓர் அம்மா, "பாருங்கோ, எங்களையெல்லாம் ஆசீர்வதிக்கிற மாதிரி எல்லே இருக்கு" என்று கண் கலங்கினார். அந்தப் படம் எங்கே எடுத்தது என்று எனக்குத் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு கடல் கடந்து இந்தக் குளிர் நகரத்துக்கு வந்து சேர்ந்தவர்களில் அக்காவும் ஒருவர். யாழ்ப்பாணத்தில் தபால்கந்தோரில் வேலை பார்த்தவர். கந்தோருக்குப் பின்னால் இருந்த வெறுங்காணியில் வலை கட்டி, சேலையோடு பட்மின்டன் ஆடியவர். கணவர் இறந்தபின் மகன் கூப்பிட்டு எடுத்தார். மில்லிக்கன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் ஜிம்மைச் சனிக்கிழமை காலைகளில் குணம் எங்களுக்காக வாடகைக்கு எடுத்திருந்தார். அக்கா முதல் நாள் வந்தவுடன் சண்டை பிடித்தார்.

"இது என்ன விளையாட்டு? ஓடுறவை எல்லாம் கோட்டிலை, ஓடாதவை எல்லாம் வாங்கிலையோ?"

"அன்ரி, எங்களாலை ஓட ஏலாது. நாங்கள் பார்க்கத்தான் வந்தனாங்கள்" என்றார் சுவரோர வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த ஒருவர்.

"பார்க்கிறதுக்கு உங்கடை வீட்டிலை ரீவி இல்லையோ? எழும்புங்கோ."

அன்றிலிருந்து எங்கள் ஜிம்மில் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு சோடியிலும் ஓடக்கூடிய ஒருவர், ஓட முடியாத ஒருவர். ஓட முடியாதவர் வலைக்குப் பக்கத்தில், ஓடுபவர் பின்னால். குணத்துக்குச் சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் மெலிந்தது. ஜிம்மை வாடகைக்கு எடுத்து, கதவு திறந்து, வலை கட்டி, பிறகு வாங்கில் இருந்து புள்ளி எண்ணுவதுதான் அதுவரை அவருடைய வேலை. அக்கா அவரை வலையடியில் நிறுத்தினார். நீண்ட கை, கூர்மையான கண். வலைக்கு மேலே வந்த எதையும் அவர் விடவில்லை. "கால் ஒண்டு சோம்பேறி எண்டாப்போலை கையையும் ஏன் மறியலிலை பூட்டி வைச்சிருந்தனீர்?" என்று அக்கா கேட்டார். குணம் சிரித்த சிரிப்பில் ஜிம் அதிர்ந்தது. இதய சத்திரசிகிச்சை முடிந்து டொக்ரரின் அனுமதியோடு வந்த ஒரு பெண்ணுக்கும், தொழிற்சாலையில் குனிந்து குனிந்து முதுகு வளைந்த எனக்கும் அதே சட்டம்தான். யாரையும் வெல்ல வைப்பதற்காக விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அதன் இரண்டாம் பாகம். அக்காவின் அடியை வாங்கியவர்களுக்கு அது தெரியும்.

"நடந்து பாவிக்காட்டிக் கால் கோவிச்சுக்கொண்டு போயிடும், ராசம். போனால் பிறகு கூப்பிட்டாலும் வராது." இது அவர் அடிக்கடி சொன்னது.

இரண்டாவது மாரிக் குளிரில் அவருடைய வலது முழங்கால் வீங்கியது. படி இறங்கும்போது வலி. எங்கள் ஆட்கள் வழக்கம்போல ஆளுக்கொரு எண்ணெய் கொண்டுவந்தார்கள். ஜிம் மூலிகைக் கடை மாதிரி மணத்தது. நோ குறையவில்லை. பின்னால் போகிற ஷட்டில்களை அவர் விட ஆரம்பித்தார். அதற்கு அவர் பட்ட வெட்கம் வலியைவிடப் பெரிதாக இருந்தது.

குடும்ப டொக்ரர் ஒரு விளையாட்டு மருத்துவ நிலையத்துக்கு அனுப்பினார். நல்ல இடம். ஓடுபவர்கள், பனிச்சறுக்குக்காரர், ஹொக்கி ஆடுபவர்கள் எல்லாரும் போகிற இடம். சிறீதரன் வேலையில் அரைநாள் லீவு எடுத்துத் தாயைக் கூட்டிப்போனார். தாயைக் கவனிக்காத மகன் என்று நான் அவரைச் சொல்ல மாட்டேன். கவனித்துத்தான் கெடுத்தார். அங்கே என்ன நடந்தது என்பதை அடுத்த சனிக்கிழமை வாங்கில் இருந்தபடி அக்கா எனக்குச் சொன்னார்.

"என்ன விளையாட்டு விளையாடுறனீங்கள் எண்டு டொக்ரர் என்னைப் பார்த்துத்தான் கேட்டவர். மறுமொழி சொன்னது சிறீ."

"என்ன சொன்னவன்?"

"'நத்திங்' எண்டான். சிரிச்சுக்கொண்டு சொன்னவன். இவ வயசு போன மனிசி, வீட்டிலைதான் இருக்கிறவ எண்டும் சொன்னவன். எனக்கு இங்கிலீசு கதைக்கத்தான் வராது. கேட்டால் வடிவா விளங்கும்."

"நீங்கள் வாய் திறக்கேல்லையோ?"

"டொக்ரருக்கு முன்னாலை பெத்த பிள்ளையைப் பொய்யன் ஆக்கிறதோ? உனக்கென்ன விசரோ?"

இதை வாசிக்கிற வெள்ளைக்காரர் யாராவது இருந்தால் அவர்களுக்கு இது விளங்காது. எங்களுக்கு விளங்கும். மகன் பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் அக்கா ஜிம்முக்கு வருவது அவருக்குத் தெரியும். சும்மா சனத்தோடு கதைக்கப் போகிறார் என்று நினைத்திருந்தார். தன் தாய் ஓடக்கூடும், அடிக்கக்கூடும் என்ற எண்ணமே அவருக்கு வந்ததில்லை. தாய்க்காக மகன் பேசுவது மரியாதை, மகனைத் திருத்தாமல் தாய் இருப்பது மரியாதை. இந்த இரண்டு மரியாதைகளுக்கும் நடுவில் ஒரு முழங்கால் அகப்பட்டுக்கொண்டது.

ஆனால் அந்த டொக்ரரை நான் விடமாட்டேன். எங்கள் மரியாதைக் கட்டு எதுவும் அவருக்குக் கிடையாது. கேள்வியை அக்காவிடம் கேட்டார், பதிலை மகனிடம் எடுத்துக்கொண்டார். அக்காவை எழும்பி நிற்கச் சொல்லவில்லை. நடந்து காட்டச் சொல்லவில்லை. முழங்காலை உடுப்பு விலக்கிப் பார்த்தாரா என்று கேட்டேன். "பட்டும் படாமலும்" என்றார் அக்கா. ஒன்றும் செய்யாத கிழவிக்கு என்ன வைத்தியம்? நோக் குளிசை, ஓய்வு. அதே அறைக்கு அடுத்ததாக வந்தவர் ஓர் இளைஞராக இருந்திருந்தால், அவர் எப்போது மறுபடி விளையாடலாம் என்பதிலிருந்து பேச்சுத் தொடங்கியிருக்கும்.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். இங்கிலீசை பஸ்சில் விளம்பரம் வாசித்தும், நூல்நிலையத்துப் பாட நாடாக்களைக் கேட்டும் படித்தேன். அது போதும் என்று அக்காவை பஸ்சில் ஏற்றி அதே இடத்துக்குக் கூட்டிப்போனேன். சிறீதரனுக்குச் சொல்லவில்லை. சொல்லாததற்காக இன்றைக்கும் நான் வருந்தவில்லை.

வரவேற்பில் இருந்த பெண் எங்களைப் பார்த்துவிட்டு, இது விளையாடுபவர்களுக்கான இடம், முதியவர்களுக்கு வேறு இடம் இருக்கிறது என்று அன்பாகச் சொன்னார். இவர் விளையாடுபவர் என்றேன். எத்தனை வயது என்று கேட்டார். "வெளியில் பலகையில் வயது எழுதியிருக்கிறீர்களா? போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்கவேண்டும். உள்ளேயிருந்து லிண்டா என்ற இளம் பிசியோதெரப்பிஸ்ற் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார், அக்காவின் சப்பாத்தைப் பார்த்தார். பக்கவாட்டில் தேய்ந்த, ஜிம்முக்கென்றே வாங்கிய சப்பாத்து. "பட்மின்டனா?" என்றார். அக்கா தலையை ஆட்டினார். என் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

உள்ளே கூட்டிப்போய் எழும்பச் சொன்னார், இருக்கச் சொன்னார், ஒரு சிறு படியில் ஏறி இறங்கச் சொன்னார். இரண்டு தொடைகளையும் நாடா வைத்து அளந்தார். முழங்காலில் தேய்மானம் இருக்கிறது, ஆனால் அதைத் தாங்குகிற தொடைத்தசை மெலிந்ததுதான் பெரிய தொல்லை, அதைப் பலப்படுத்தலாம், ஓய்வு எடுத்தால் இன்னும் மெலியும் என்று விளக்கினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "இந்தக் காலால் உங்களுக்கு என்ன செய்ய வேணும்?"

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அக்காவிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"பின்னாலை போற ஷட்டிலை விடக்கூடாது எண்டு சொல்லு."

அப்படியே சொன்னேன். லிண்டா சிரிக்கவில்லை. "அப்படியானால் பின்னுக்கு நடப்பதிலிருந்து தொடங்குவோம்" என்றார்.

கணுக்காலில் அரிசிப் பை கட்டிக் கால் தூக்குவது, சுவரில் முதுகு சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது, கதிரையிலிருந்து கை பிடிக்காமல் எழும்புவது, பின்னுக்கு நடப்பது. ஆடிய பிறகு முழங்காலில் குளிர் வைக்கச் சொன்னபோதுதான் அக்கா எதிர்த்தார். "குளிருக்கை வந்து கிடக்கிற எங்களுக்கு இன்னும் ஐஸோ? வாதம் பிடிக்கும் எண்டு சொல்லு!" பிறகு சம்மதித்தார். உறைந்த பட்டாணிப் பையைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, "நாளைக்கு இதைத்தான் கறி வைக்கப்போறன், நீயும் சாப்பிட வா" என்று என்னைப் பகிடி பண்ணினார். வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போனபின் கட்டிலுக்கும் கதவுக்கும் இடையில் பின்னுக்கு நடந்து பழகினார். பனி கரைந்தபோது வீக்கம் இல்லை. சித்திரையில் கோட்டுக்குத் திரும்பினார். தலைக்கு மேலே பின்னால் போன ஒரு ஷட்டிலை, பின்னுக்கு ஓடி, எடுத்து, அடித்தார். குணம் கைதட்டியதில் அடுத்த புள்ளியை விட்டார். லிண்டா கொடுத்தது புதுமையான மருந்து அல்ல. வேலை, பொறுமை, ஒரு கேள்வி. இந்த மூன்றும் முதல் நாளே கிடைத்திருக்கவேண்டியவை.

அந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை சிறீதரன் நேரத்துக்கு முதலே தாயை ஏற்ற வந்துவிட்டார். ஜிம் வாசலில் நின்றார். சேலையைத் தூக்கிச் செருகி, ரக்கெற்றோடு நிற்கிற தாயைக் கண்டார்.

"அம்மா! என்ன கூத்து இது?"

"கூத்தில்லை தம்பி, கேம் பொயின்ற். கொஞ்சம் பொறு."

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. காரில் ஏறும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "அன்ரி, டொக்ரர் ரெஸ்ற் எடுக்கச் சொன்னவர். அப்பாவும் இல்லாத மனிசி இப்பிடி ஓடித் திரிஞ்சால் சனம் என்ன சொல்லும்? தாயைப் பார்க்காமல் விட்டிட்டான் எண்டு என்னைத்தானே சொல்லும்."

"சனம் கோட்டுக்கை நிண்டு கைதட்டுது தம்பி. நீர்தான் வெளியிலை நிக்கிறீர்" என்றேன். கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார்.

அதன்பின் அவர்கள் தூரத்துப் புறநகரான அஜக்சில் வீடு வாங்கிப் போனார்கள். பெரிய வீடு. கீழ்த்தளத்தில் அக்காவுக்கு அறை, பக்கத்திலேயே குளியலறை, ரீவி, சாய்ந்து படுக்கக்கூடிய பெரிய கதிரை. ஒன்றுக்கும் எழும்பத் தேவையில்லை. றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் காரில் கூட்டிப்போனார்கள், அங்கேயும் மடக்குக் கதிரை போட்டு இருத்தினார்கள். சனிக்கிழமை கூட்டிவரக் கேட்டோம், நேரமில்லை என்றார்கள். குணம் தானே காரில் வந்து ஏற்றுகிறேன் என்றார், டொக்ரர் ஓய்வு சொன்னவர் என்றார்கள். முதல் டொக்ரர் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லை வேதம்போலப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா வரவில்லையே என்று லிண்டா வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டபோது சிறீதரன் சொன்ன பதில், "அவ நல்லா இருக்கிறா, ரெஸ்ற் எடுக்கிறா."

"ராசம், இஞ்சை நடக்கிறதுக்கு ரோட்டு நிறைய இருக்கு. போறதுக்குத்தான் இடமில்லை" என்று அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அரிசிப் பையை மருமகள் எடுத்துச் சமைத்துவிட்டாராம். "இந்த வயசிலை காலிலை பாரம் கட்டுறதோ மாமி" என்று அழுதாளாம். அவளும் அன்பானவள்தான்.

போன மாரி பார்க்கப் போனேன். கோ ரெயின் என்ற புறநகர் ரெயினில் போய் இறங்கினேன், அங்கிருந்து குணம் காரில் கூட்டிப்போனார். அக்கா அந்தக் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டு எழும்பப் பார்த்தார். இரண்டு கையாலும் ஊன்றியும் முடியவில்லை. மருமகள் ஓடிவந்து, "இருங்கோ மாமி, இருங்கோ" என்று தோளை அமத்தினாள். வந்த எல்லாரும் சொன்ன சொல் அதுதான். இருங்கோ. அக்கா என்னைப் பார்த்து, "கோவிச்சுக்கொண்டு போட்டுது ராசம்" என்றார். காலைத்தான் சொன்னார்.

மாசியில் குளியலறைக்கு எழும்பும்போது விழுந்தார். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

நான் ஆறுதல் சொல்வதற்காக இதை எழுதவில்லை. செய்ய வேண்டியவை இருக்கின்றன. செய்ய வேண்டியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

டொக்ரர்மாரே, கேள்வியை யாரிடம் கேட்கிறீர்களோ அவரிடமே பதிலை வாங்குங்கள். மொழி விளங்காவிட்டால் எழும்பி நடக்கச் சொல்லுங்கள், கால் பொய் சொல்லாது. ஓய்வு என்று சொன்னால் அது எப்போது முடியும் என்றும் சொல்லுங்கள். விளையாட்டு மருத்துவ நிலையத்தார் தங்கள் சுவரில் இளைஞர்களின் படங்களுக்கு நடுவில் சேலை கட்டிய ஒரு மனிசியின் படத்தையும், மெலிந்த காலோடு வலையடியில் நிற்கிற ஒரு மனிதரின் படத்தையும் மாட்டவேண்டும். வரவேற்பில் இருப்பவர் வயதைக் கேட்கமுதல் சப்பாத்தைப் பார்க்கவேண்டும். மகன்மாரே, மகள்மாரே, தாயோடு டொக்ரரிடம் போனால் தாய் சொன்னதை மட்டும் சொல்லுங்கள், மிச்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டிருங்கள். தாய்மாரே, மகன் 'நத்திங்' என்றால் அந்த இடத்திலேயே இல்லை என்று சொல்லுங்கள். அவன் வெட்கப்பட்டால் படட்டும். வெட்கத்தால் ஒருவரும் சாவதில்லை. மரணச் சடங்கில் பேசுகிறவர்கள், எழும்ப விடவில்லை என்பதை இனிமேல் புகழாகச் சொல்லக்கூடாது. குணம், நீர் ஜிம்மை ஒரு சனிக்கிழமையும் மூடக்கூடாது, அக்காவின் சட்டத்தையும் மாற்றக்கூடாது.

அவருடைய ரக்கெற் என்னிடம் இருக்கிறது. பிடியில் அவர் சுற்றிய துணி அப்படியே இருக்கிறது. அதை நான் சுவரில் மாட்டமாட்டேன், ஆடுவேன்.

கடைசியாகச் சிறீதரன், உமக்கு ஒன்று. பெட்டிக்குப் பக்கத்தில் நீர் வைத்த படம் எங்கள் ஜிம்மில் குணம் எடுத்தது. அம்மா திரும்ப ஆட வந்த அந்தச் சித்திரையில். மணிக்கட்டுக்கு மேலே வெட்டிவிட்டீர். முழுப் படத்தின் நெகற்றிவ் குணத்திடம் இருக்கிறது. முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்கு அந்த முழுப் படத்தை எடுத்துப் போடும். போட்டு, அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று உம்முடைய பிள்ளைகளுக்கு நீரே காட்டும். உம்முடைய அம்மா யாரையும் ஆசீர்வதிக்கவில்லை. பின்னால் போகிற ஷட்டிலை அடிக்கப் போகிறார்.